கம்பளம் கழுவும் இயந்திரம் வாங்கினால் பிள்ளையின் தும்மல் நிற்குமா?

சுங்கை பாக்காப், ஜாவி, நிபோங் திபால் வட்டாரத்துத் தாமான் வீடுகளில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு. விற்பனை முகவர் வீட்டுக்கு வருகிறார். மெத்தையை இலவசமாகச் சுத்தம் செய்து காட்டுவதாகச் சொல்கிறார். உறிஞ்சு குழாயின் வாயில் ஒரு கறுப்புத் துணியைப் பொருத்தி, பிள்ளை படுக்கும் மெத்தையின் மேல் அரை நிமிடம் ஓட்டுகிறார். துணியைப் பிரித்தால் சாம்பல் நிறத்தில் மாவு போன்ற தூள். அடுத்து வரவேற்பறைக் கம்பளத்தை நுரையடித்துக் கழுவி, தொட்டியில் சேர்ந்த கறுப்புத் தண்ணீரைக் காட்டுகிறார். இரவெல்லாம் பிள்ளை இதைத்தான் சுவாசிக்கிறது என்ற ஒரு சொல் போதும், பெற்றோர் மனம் தவணைக் கணக்குப் போடத் தொடங்கிவிடும்.

தும்மலும் மூக்கடைப்பும் இளைப்புமாக அவதிப்படும் பிள்ளை வீட்டில் இருந்தால் அந்தக் கணக்கைக் குறை சொல்லவும் முடியாது. நள்ளிரவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் ‘கேஸ்’ வைக்க ஓடிய பெற்றோருக்கு, இனி அப்படி ஓட வேண்டியதில்லை என்றால் எந்த விலையும் பெரிதாகத் தெரியாது. கையடக்கக் கருவிகள் சில நூறு ரிங்கிட்டுக்கே கிடைக்கின்றன. வீடு தேடி வந்து விற்கப்படும் பெரிய இயந்திரங்களோ பல ஆயிரம் ரிங்கிட்டைத் தொடும். அவ்வளவு பணம் போட்டால் பிள்ளையின் மூச்சுக்கு என்ன கிடைக்கும் என்பதைத்தான் வாங்குமுன் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தக் கறுப்புத் துணி. அதில் படியும் தூள் எந்த வீட்டு மெத்தையிலும் இருக்கும். உதிர்ந்த தோல் செதில், துணி இழை, வெளியிலிருந்து வந்த மண் என்று பலவும் கலந்தது அது. வீட்டில் தூசு இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. இந்தப் பிள்ளைக்கு இந்தத் தூசுதான் ஒவ்வாது என்பதற்கோ, இயந்திரம் வந்தால் ஒவ்வாமை குறையும் என்பதற்கோ அதில் சாட்சி எதுவும் இல்லை. ஒவ்வாமையைத் தூண்டும் பொருள் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருப்பதே இல்லை.

தூசுக்குள் இருப்பது என்ன?

வீட்டுத் தூசு சிலருக்கு ஏன் இளைப்பைக் கொண்டுவருகிறது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. 1964இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் வோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா ஆகியோர் அடங்கிய ஆய்வுக் குழு, தூசில் வாழும் ஒரு நுண்ணிய உயிரியைக் குற்றவாளியாக அடையாளம் காட்டியது. நாம் தூசுப் பூச்சி என்கிறோம். இங்குள்ள மலாய் விளம்பரங்கள் ‘ஹாமா’ என்கின்றன. உண்மையில் அது பூச்சி இனமே அல்ல. எட்டுக் கால் கொண்டது, உண்ணிக்கும் சிலந்திக்கும் உறவு. நீளம் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நம்மைக் கடிப்பதில்லை. நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதிலைத் தின்று பிழைக்கிறது.

அதன் கழிவுதான் வினை. 1981இல் ‘நேச்சர்’ இதழில் டோவி, சேப்மன், பிளாட்ஸ் மில்ஸ் ஆகிய மூவரும் வெளியிட்ட கட்டுரை இதைத் தெளிவாக்கியது. ஒரு தூசுப் பூச்சி நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 கழிவு உருண்டைகளை இடும். ஒவ்வொன்றும் மைக்ரான் கணக்கில் சில பத்துகள்தான், அதாவது மகரந்தத் துகள் அளவு. பூச்சி செத்துப்போனாலும் இந்த உருண்டைகள் கம்பளத்திலும் மெத்தையிலும் மாதக்கணக்கில் கிடக்கும். மெத்தையில் புரண்டு படுக்கும்போதும் கம்பளத்தில் பிள்ளைகள் குதிக்கும்போதும் மேலெழும்பி மூக்கில் ஏறும். எனவே பூச்சியைக் கொல்வது ஒரு வேலை, அதன் கழிவை அகற்றுவது இன்னொரு வேலை. விளம்பரங்கள் இவ்விரண்டையும் ஒன்றாகவே பேசுகின்றன. இயந்திரங்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் ஓரளவு செய்கின்றன.

மூன்றாவதாக ஒரு வேலையும் உண்டு. அது நம் ஊருக்கே உரியது: உலர்த்துவது.

தூசுப் பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உடலால் ஈர்த்துக்கொள்கிறது. காற்றின் ஈரப்பதம் தொடர்ந்து 50 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அது வற்றிச் சாகும். குளிர்நாடுகளில் குளிர்காலத்தில் சூடேற்றிய வீடுகள் காய்ந்துபோவதால் இவற்றின் எண்ணிக்கை தானாகக் குறைகிறது. பினாங்கிலோ ஆண்டு முழுவதும் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. வெப்பமும் 27, 28 டிகிரி செல்சியஸ். தூசுப் பூச்சிக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. இரவில் மட்டும் குளிர்சாதனம் போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. நாளில் சில மணி நேரம் ஈரக்காற்று கிடைத்தாலே அவை மீதி நேரத்தைத் தாக்குப்பிடித்துவிடும். இன்னொன்று, நம் நாட்டில் ஐரோப்பிய இனங்களோடு ‘புளோமியா டிராபிகாலிஸ்’ என்ற வெப்பமண்டல இனமும் தாராளமாக உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கு வீடுகளில் நடந்த ஆய்விலும் சிங்கப்பூர் ஆய்வுகளிலும் இது முன்னணியில் இருந்தது.

பழைய தோட்டத்து லயன் வீடுகளில் இந்தச் சிக்கல் இவ்வளவு இருந்திருக்காது என்று எண்ண இடமுண்டு. பலகைத் தரை அல்லது சிமெண்டுத் தரை, அதன் மேல் பாய். காலையில் பாயைச் சுருட்டி வைப்பார்கள், வெயிலில் போடுவார்கள். பூச்சி தங்குவதற்கு ஆழமான இடமே இல்லை. லயன் வீட்டிலிருந்து தாமான் வீட்டுக்கு வந்தபோது ஸ்பிரிங் மெத்தை வந்தது, துணி சோபா வந்தது, வரவேற்பறைக்குக் கம்பளம் வந்தது. 2019இல் பத்து காவானில் ஐகியா திறந்த பிறகு கம்பளம் வாங்குவது இன்னும் எளிதாகிவிட்டது.

ஆஸ்துமாக்காரர் செய்த இயந்திரம்

வீட்டுக்கான மின்சாரத் தூசு உறிஞ்சியின் வரலாற்றிலேயே ஓர் ஆஸ்துமா நோயாளி இருக்கிறார். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்துக் கேன்டன் நகரில் ஜேம்ஸ் மர்ரி ஸ்பேங்லர் என்பவர் ஒரு பேரங்காடியில் துப்புரவுப் பணியாளராக இருந்தார். இரவில் கம்பளங்களைத் துடைப்பக் கருவியால் பெருக்கும்போது கிளம்பும் தூசு அவருடைய இளைப்பை அதிகமாக்கியது. அப்போது அவருக்கு அறுபதை நெருங்கும் வயது. வேலையை விட வழியில்லை. 1907இல் ஒரு பழைய மின்விசிறி மோட்டாரையும் சோப்புப் பெட்டியையும் துடைப்பக் கம்பையும் கொண்டு ஒரு கருவியைக் கட்டினார்; தூசு சேர ஒரு தலையணை உறையைப் பின்னால் மாட்டினார். 1908 ஜூன் 2ஆம் தேதி காப்புரிமை கிடைத்தது. அவருடைய உறவினர் ஒருவரின் கணவரான வில்லியம் ஹூவர் அந்த உரிமையை வாங்கித் தொழிலாக்கினார். இன்றும் பிரிட்டனில் தூசு உறிஞ்சுவதற்கே ‘ஹூவர்’ என்றுதான் பெயர்.

ஸ்பேங்லர் அமைத்த கருவியின் பலவீனம் அந்தத் தலையணை உறை. பெரிய தூசை அது பிடித்துக்கொண்டது. நுண்தூசு துணியின் இழைகளினூடே மறுபடி அறைக்குள் வந்திருக்கும். நூறாண்டுக்கு மேலாகியும் ஒவ்வாமை உள்ளவர் தூசு உறிஞ்சி வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: உள்ளே இழுத்ததை வெளியே விடுகிறதா?

அதற்கான விடைதான் ஹெப்பா வடிகட்டி. அமெரிக்க அளவுகோலின்படி 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டைப் பிடித்தால்தான் அந்தப் பெயர். ஐரோப்பிய அளவில் எச்13 தரம் என்றால் 99.95 விழுக்காடு. பெட்டியில் ‘ஹெப்பா வகை’, ‘ஹெப்பா போன்றது’ என்று அச்சிட்டிருந்தால் அதற்கு இந்த எண்கள் எதுவும் பொருந்த வேண்டியதில்லை. வடிகட்டி நல்லதாக இருந்தும் உடற்பகுதியின் இடுக்குகள் வழியாகக் காற்று கசிந்தால் பயனில்லை. ஆகவே இயந்திரம் முழுவதும் காற்றுப் புகாமல் அடைக்கப்பட்டதா என்று கேட்க வேண்டும். வாட் அதிகம் என்பது மின்சாரம் எவ்வளவு இழுக்கிறது என்பதைச் சொல்கிறது, தூசை எவ்வளவு இழுக்கிறது என்பதை அல்ல. பையில்லாத இயந்திரங்களில் தொட்டியைக் கொட்டும்போது பாதித் தூசு முகத்துக்கே வந்துவிடும். காகிதப் பை வைத்தது சற்றுச் செலவு, ஆனால் ஒவ்வாமை உள்ளவருக்கு ஏற்றது அதுதான்.

இருந்தும் உலர்ந்த தூசு உறிஞ்சியால் கம்பளத்தின் அடியில் நூலைப் பற்றிக்கொண்டிருக்கும் உயிருள்ள பூச்சிகளை இழுக்க முடிவதில்லை. மேலே கிடக்கும் கழிவையும் செதிலையும் குறைக்கும். அது ஒரு நன்மைதான், பெரிய நன்மை அல்ல.

கழுவும் இயந்திரம் என்ன செய்கிறது?

வீட்டுக் கம்பளக் கழுவி சோப்பு நீரைக் கம்பளத்தில் பீய்ச்சுகிறது, தூரிகையால் தேய்க்கிறது, அழுக்கு நீரைத் திரும்ப உறிஞ்சுகிறது. கழிவிலுள்ள ஒவ்வாமைப் புரதம் நீரில் கரையக்கூடியது. எனவே இம்முறையில் அதில் ஒரு பகுதி நீரோடு வெளியேறும். இந்த இயந்திரத்தின் பக்கம் உள்ள நியாயம் இது.

பூச்சி சாகுமா என்பது வேறு கணக்கு. 1992இல் மெக்டொனால்ட், டோவி இருவரும் படுக்கைத் துணிகளை வெவ்வேறு வெப்பத்தில் துவைத்துப் பார்த்தனர். 55 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் என்றால் எல்லாப் பூச்சிகளும் செத்தன. குளிர்ந்த நீரில் பெரும்பாலானவை பிழைத்தன. ஆனால் ஒவ்வாமைப் பொருளில் பெரும்பகுதி குளிர்ந்த நீரிலேயே போய்விட்டது. துவைக்கும் இயந்திரத்துக்குள் துணி முழுவதும் நீரில் ஊறுகிறது. கம்பளம் அப்படி ஊறுவதில்லை. வீட்டுக் கம்பளக் கழுவியில் கொதிநீர் ஊற்றக் கூடாது என்று கையேடுகள் எச்சரிக்கின்றன. வெந்நீர் ஊற்றினாலும் தெளித்த சில விநாடிகளில் அது ஆறிப்போகும். ஆகவே இந்த இயந்திரம் பூச்சியைக் கொல்லும் என்று நம்பி வாங்குவது வீண்.

அதற்கு மேல் ஈரம் இருக்கிறது. எவ்வளவு உறிஞ்சினாலும் கம்பளத்தின் அடித்தளத்தில் கொஞ்சம் தண்ணீர் தங்கும். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்தாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பின் எச்சரிக்கை. பூஞ்சணமே பலருக்கு இளைப்பைத் தூண்டக்கூடியது. தூசுப் பூச்சிக்கும் ஈரமான கம்பளம் விருந்து. நம் வீடுகளில் கம்பளம் கழுவும் காலத்தையும் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, தீபாவளிக்கு முன்னால்தான் பலர் கழுவுகிறார்கள். பினாங்கில் மழை அதிகமாகப் பெய்யும் மாதங்கள் செப்டம்பரும் அக்டோபரும். சன்னலைச் சாத்திய வீட்டில், மழைநாளில், தரையோடு தரையாகக் கிடக்கும் ஈரக் கம்பளம் எப்போது உலரும்? பண்டிகைக்கு வீடு பளிச்சென்று இருக்கும், பிள்ளை மட்டும் மூக்கைப் பிழிந்துகொண்டிருக்கும்.

நீராவிக் கருவி சூட்டால் கொல்லும் என்பது உண்மை. ஆனால் நீராவி படும் இடத்தில்தான் சூடு. தடித்த கம்பளத்தின் அடிவரை அது போய்ச் சேர்வது ஐயமே. செத்த பூச்சியும் கழிவும் அங்கேயே கிடக்கும் என்பதால் பிறகு உறிஞ்ச வேண்டும், ஈரத்தையும் உலர்த்த வேண்டும். இணையக் கடைகளில் அதிகம் விளம்பரமாகும் புறஊதாக் கதிர் மெத்தைக் கருவிகளோ, ஓர் இடத்தைக் கடக்க ஒரு விநாடிதான் எடுத்துக்கொள்கின்றன. அக்கதிர் நேராகப் படும் மேற்பரப்பில் மட்டுமே வேலை செய்யும், அதற்கும் நேரம் வேண்டும். மெத்தைக்குள் அது நுழைவதில்லை.

வாங்கியே தீர வேண்டும் என்றால்

வயதான தாத்தா பாட்டிக்குத் தரை வழுக்கக் கூடாது, அல்லது தவழும் குழந்தை இருக்கிறது என்று கம்பளத்தை எடுக்க முடியாத வீடுகளும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் செயல்விளக்கம் பார்க்கும்போது கறுப்புத் தண்ணீரை விட்டுவிட்டு அளவைப் பார்க்கலாம். சுத்த நீர்த் தொட்டியில் 2 லிட்டர் ஊற்றச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அழுக்கு நீர்த் தொட்டியில் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். திரும்பாத நீர் முழுவதும் உங்கள் கம்பளத்துக்குள் இருக்கிறது. பிறகு ஆறு மணி நேரம் கழித்து ஒரு வெள்ளைக் காகிதத் துண்டைக் கம்பளத்தில் வைத்துக் காலால் அழுத்துங்கள். காகிதம் ஈரமானால் அந்த இயந்திரம் மழைக்காலத்துக்கு உதவாது. முகவர் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார், பரவாயில்லை. காகிதம் எங்கும் போகாது.

தொட்டியையும் தூரிகையையும் எளிதில் கழற்றிக் கழுவ முடிகிறதா என்பதும் முக்கியம். அழுக்கு நீர் தங்கிய தொட்டியில் ஒரே வாரத்தில் வாடை எழும். அடுத்த முறை அதைத்தான் கம்பளத்தில் தேய்ப்போம். நறுமணச் சோப்பு நீர் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது என்பதால் வாசனை இல்லாததையே, குறைந்த அளவில் பயன்படுத்த வேண்டும். கழுவிய பிறகு மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, சன்னலைத் திறந்து, முடிந்தால் கம்பளத்தைத் தூக்கி நாற்காலி முதுகில் போட வேண்டும். வேலை நடக்கும்போதும் அதற்கு அரை மணி நேரம் பின்னும் ஒவ்வாமை உள்ளவர் அந்த அறையில் இருக்கக் கூடாது. தூசுப் பூச்சியின் கழிவு கனமானது. கிளம்பினாலும் அந்த நேரத்துக்குள் கீழே படிந்துவிடும். காற்றுச் சுத்திகரிப்புக் கருவி இதற்கு அவ்வளவாக உதவாததும் இதனால்தான். காற்றில் மிதக்காததை அது எங்கிருந்து பிடிக்கும்?

வீட்டு வாசலில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் ஒன்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டப்படி, வீடு தேடி வந்து விற்கப்படும் பொருளின் ஒப்பந்தத்தை 10 வேலை நாள்களுக்குள் ரத்துச் செய்ய வாங்கியவருக்கு உரிமை உண்டு. ரத்துச் செய்வதாக எழுத்தில் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ள வேண்டும். பணம் திரும்பவில்லை என்றால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே தாக்கல் செய்யலாம்; கட்டணம் 5 ரிங்கிட். எப்படி எழுதுவது என்று தெரியாதவர்கள் ஜார்ஜ் டவுனிலுள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம்.

கம்பளத்துக்கு முன் கட்டில்

இயந்திரத்தைப் பற்றி இவ்வளவு பேசியாகிவிட்டது. பிள்ளையோ நாளில் எட்டு ஒன்பது மணி நேரம் முகத்தைப் புதைத்துக் கிடப்பது வரவேற்பறைக் கம்பளத்தில் அல்ல, தலையணையில். மெத்தை வெதுவெதுப்பாக இருக்கிறது, வியர்வை ஈரம் இருக்கிறது, தோல் செதில் இருக்கிறது. பிள்ளை தூங்கும் கட்டிலை விட்டுவிட்டுக் கூடத்துக் கம்பளத்துக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பது வரிசை மாறிய செலவு.

கட்டிலுக்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. விரிப்பு, தலையணை உறை, போர்வை ஆகியவற்றை வாரம் ஒருமுறை சுடுநீரில் துவைக்க வேண்டும். வீட்டில் சுடுநீர்த் துவைப்பு இயந்திரம் இல்லாதவர்களுக்குச் சுயசேவை டோபிக் கடை இருக்கிறது. அங்கே சுடுநீருக்குச் சற்றுக் கூடுதலாகக் காசு போட வேண்டும். உயர்ந்த சூட்டில் உலர்த்தியில் ஓட்டினாலும் பூச்சி சாகும். தோத்தோவையும் கனத்த போர்வையையும் அந்தப் பெரிய உலர்த்தியில் போட முடிவது இன்னொரு வசதி. மெத்தைக்கும் தலையணைக்கும் பூச்சி புகாத உறை போடலாம். நெசவின் துளை 10 மைக்ரானுக்குக் குறைவாக உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். ‘தூசுத் தடுப்பு’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது சாதாரண உறையாகவும் இருக்கலாம்.

வெயிலையும் மறந்துவிடக் கூடாது. 1994இல் சிட்னியில் டோவியும் உல்காக்கும் கம்பளங்களை நேரடி வெயிலில் போட்டுப் பார்த்தனர். சூட்டாலும் வறட்சியாலும் அவற்றிலிருந்த பூச்சிகள் அனைத்தும் செத்தன. கழிவிலுள்ள ஒவ்வாமைப் பொருள் மட்டும் போகவில்லை. எனவே வெயிலில் போட்ட கம்பளத்தை வீட்டுக்கு வெளியே வைத்துத் தட்டி உதறி, பிறகுதான் உள்ளே கொண்டுவர வேண்டும். பாட்டிமார் பாயையும் தலையணையையும் வெயிலில் போட்டுத் தட்டியது வெறும் பழக்கம் அல்ல என்பதைச் சிட்னிக்காரர்கள் கணக்கெடுத்துச் சொன்னார்கள். சிறிய கம்பளம் என்றால் சுங்கை பாக்காப் வெயில் இந்த வேலையை இலவசமாகச் செய்யும். தூக்க முடியாத பெரிய கம்பளத்தைப் பிள்ளையின் படுக்கையறையிலிருந்தாவது எடுத்துவிடுவது நல்லது. ஓடு பதித்த தரையை ஈரத் துணியால் துடைத்தால் போதும், அதைக் கழுவ இயந்திரம் வேண்டியதில்லை.

இவ்வளவும் செய்தால் குணமாகுமா? இங்கேதான் மருத்துவ ஆய்வுகள் நம்மைச் சற்று நிதானிக்கச் சொல்கின்றன. 2008இல் கொக்ரேன் அமைப்புக்காகப் பீட்டர் கோச்சேயும் அவருடைய சக ஆய்வாளரும் 54 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தனர். மொத்தம் சுமார் 3,000 நோயாளிகள். தூசுப் பூச்சியைக் குறைக்கும் மருந்துகள், உறைகள், இயந்திரங்கள் எதுவும் ஆஸ்துமாவைத் தெளிவாகக் குறைத்ததாக அவர்கள் காணவில்லை. 2003இல் பிரிட்டனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடந்த சோதனையிலும் மெத்தை உறை மட்டும் தனியாக உதவவில்லை.

பிள்ளைகளின் கதை சற்று வேறு. 2004இல் அமெரிக்காவின் ஏழு நகரங்களில் 937 பிள்ளைகளின் வீடுகளில், அவரவருக்கு எது ஒவ்வாது என்று முதலில் சோதித்து அறிந்து, அதற்கேற்ப மெத்தை உறை, ஹெப்பா தூசு உறிஞ்சி, கரப்பான் ஒழிப்பு, புகைக் கட்டுப்பாடு எனப் பலவற்றையும் சேர்த்துச் செய்தார்கள். நோய் வாட்டிய நாள்கள் குறைந்தன. 2017இல் மான்செஸ்டர் குழு, ஆஸ்துமா கடுமையாகி மருத்துவமனைக்கு வந்த, தூசுப் பூச்சி ஒவ்வாமையுள்ள 284 பிள்ளைகளைப் பார்த்தது. பூச்சி புகாத உறை பெற்றவர்களில் 29.3 விழுக்காட்டினரும் சாதாரண உறை பெற்றவர்களில் 41.5 விழுக்காட்டினரும் ஓராண்டுக்குள் மறுபடி கடுமையான இளைப்போடு மருத்துவமனைக்கு வந்தனர். ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்பட்டதில் வேறுபாடு இல்லை. ஆகப் பயன் உண்டு, ஆனால் ஓர் அளவோடு. அதுவும் உண்மையிலேயே தூசுப் பூச்சி ஒவ்வாத பிள்ளைக்கு, படுக்கையில் செய்த மாற்றத்தால். ஒரு கம்பளக் கழுவியை மட்டும் வாங்கி இந்தப் பயனை எட்டியதாக இந்த ஆய்வுகள் சொல்லவில்லை.

அந்த அமெரிக்கக் குழு முதலில் செய்த வேலையைத்தான் நாம் கடைசியாகச் செய்கிறோம். எது ஒவ்வாது என்று தெரியாமலே இயந்திரம் வாங்கிவிடுகிறோம். நம் வீடுகளில் சந்தேகப்பட வேண்டியவை வேறும் உள்ளன. பூசை அறையில் சாம்பிராணி, ஊதுவத்தி. மாலையில் கொசுவத்திச் சுருள். அப்பாவின் சிகரெட் புகை. குழாயடியில் கரப்பான். சுவர்மூலையில் பூஞ்சணம். 2022 ஜனவரியில் நிபோங் திபாலுக்கு அருகே புலாவ் புரோங் குப்பைக் கிடங்கு பற்றியெரிந்த நாள்களில் கிளம்பிய புகைக்கும் கம்பளத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஊரார் ‘சைனஸ்’ என்றும் ‘ரெஸ்டோங்’ என்றும் சொல்வதெல்லாம் ஒரே நோயும் அல்ல.

கையின் தோலில் சொட்டுச் சொட்டாக ஒவ்வாமைப் பொருள்களை வைத்து இலேசாகக் குத்திப் பார்க்கும் பரிசோதனை ஒன்று உண்டு. கால் மணி நேரத்தில் தடிப்பு எழுகிறதா என்று பார்த்துச் சொல்லிவிடுவார்கள். அரசாங்கக் கிளினிக் மருத்துவர் தேவை என்று கருதினால் செபராங் ஜெயா போன்ற பெரிய மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் தருவார். அதற்கு முன் சளிக்கும் தும்மலுக்கும் சாப்பிடும் ஒவ்வாமைத் தடுப்பு மாத்திரை சோதனை முடிவை மாற்றிவிடும் என்பதால், என்னென்ன மருந்து சாப்பிடுகிறது என்பதை மருத்துவரிடம் சொல்லி, எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆஸ்துமாவுக்கு அன்றாடம் இழுக்கும் ‘பம்ப்’ மட்டும் இந்தப் பட்டியலில் சேராது. புது இயந்திரம் வந்துவிட்டது, வீடு சுத்தமாகிவிட்டது என்று அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜினாவும், ஒவ்வாமைப் பொருளைத் தவிர்ப்பதை எல்லா ஆஸ்துமா நோயாளிகளுக்குமான பொதுச் சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. மருந்தை முறையாக எடுப்பதையும் கருவியைச் சரியாக இழுப்பதையுமே முதன்மைப்படுத்துகிறது. பம்ப்பைத் தவறாக இழுக்கும் பிள்ளைகள் ஏராளம். மருந்து நாக்கோடு நின்றுவிடுகிறது, நுரையீரலுக்குப் போவதில்லை. பம்ப்பின் முன்னால் பொருத்தும் ஸ்பேசர் குப்பி இதைப் பெருமளவு சரிசெய்யும்.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளிப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட். போகும்போது பம்ப்பையும் கையில் எடுத்துச் சென்று, மருந்தாளர் முன்னால் பிள்ளையை ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்லலாம். இரண்டு வாரமாகத் தும்மலும் இளைப்பும் எந்த நேரத்தில், எந்த அறையில் வந்தன என்று ஒரு தாளில் குறித்து வைத்திருந்தால் அதையும் மருத்துவரிடம் கொடுக்கலாம். காலையில் எழுந்தவுடன் அதிகம் என்றால் அவர் முதலில் கேட்கப்போவது கட்டிலைப் பற்றித்தான்.